செவத்த நாய்

வெலிமடைக்கு இந்தப்பக்கம், பொரலந்தைக்கு மேலே
பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்
பன்னிரண்டு குச்சிகளை நட்டிருந்தார்
தசநாயக்க மாத்தயா.
போர்த்துக்கல்லில் இருந்து, சூட்கேசில்,
ஈரத்துண்டில் சுற்றி வந்தவை.

கொடியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?
கத்தி பிடிக்கத் தெரியும்.
பதினேழு வருஷம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டியவன்.
மரமாகப் போகிற ஒன்றை
முழங்காலோடு நிறுத்தி வைக்கிற வேலை.
அதற்குத்தான் கூப்பிட்டார்.

பெயரை மூன்று தரம் சொன்னார்:
டின்டா காவ்ங்.
மூன்றாம் தரமும் என் வாயில் நிற்கவில்லை.
அர்த்தம் கேட்டேன்.
ரத்து பல்லா என்றார். செவத்த நாய்.
இரண்டு பேரும் சிரித்தோம்,
அவர் கொஞ்சம் கூடுதலாக.

ஐந்து சாதிப் பழம் சேர்ந்தால்தான்
அந்த வைன் சரியாக வருமாம்.
ஒன்று நிறத்துக்கு, ஒன்று வாசத்துக்கு,
ஒன்று நாக்கில் கனமாக நிற்பதற்கு.
இது எதுக்கு மாத்தயா?
யோசித்துவிட்டுச் சொன்னார்:
"மற்றதெல்லாம் கிழடாகும்போது
இது மட்டும் விட்டுக்கொடுக்காது."
காய்ப்பது கொஞ்சம்.
போத்தலில் பெயரும் இருக்காது.

என் மகள் கோகிலவாணி
பேலியகொடையில் தேயிலை அடைக்கிறாள்.
லீவுக்கு வந்தபோது ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்தாள்.
மூடியில் யானை, சூரியன், தங்க எழுத்து.
எங்க டிவிஷன் தூளும் இதுல இருக்கா?
இருக்கலாம்ப்பா, என்றாள்.
ஆறு தோட்டத்துத் தூளைக் கொட்டிக் கலக்குறாங்க,
எது எதுன்னு யாருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார் மாத்தயா.
சாறு பாதி புளிக்கும்போதே
சாராயத்தை ஊற்றிவிடுவார்களாம்.
புளிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போகும்,
மிச்ச இனிப்பு இனிப்பாகவே நின்றுவிடும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சாராயம் ஊற்றி நின்ற இனிப்பு
எங்கள் லயத்தில் ஒரு காம்பிராவிலும்
நான் கண்டதில்லை.

இங்கே கொடிக்குத் தூக்கம் வராது.
அதன் ஊரில் உறைபனி விழும், இலை கொட்டும்,
குச்சி நான்கு மாதம் செத்ததுபோல் கிடக்கும்.
இங்கே வருஷம் முழுக்க விழித்திருந்து
இலை இலையாக விட்டு
இளைத்துப்போகிறது.
"உருவிப்போடு" என்றார்.
"இங்கே நீதான் குளிர்காலம்."

இரண்டு நாள் குளிர்காலமாக இருந்தேன்.
பச்சை இலையைக் கையால் உருவும்போது
சின்னதாக ஒரு சத்தம் வரும்.
கொழுந்து கிள்ளும் சத்தமில்லை அது,
அதைவிடப் பிடிவாதமானது.
இரண்டு பேர் போட்டார்.
தேத்தண்ணி தந்தார், சீனி இல்லாமல்.

ஐப்பசி மூடுபனியில் பூஞ்சணம் பிடித்து
பதினொன்று போயின.
ஒன்று நின்றது, வாசலோரம்,
கிழிந்த பிளாஸ்டிக்கில் காற்று அடிக்கிற இடத்தில்.
மூன்றாம் வருஷம் ஒரே ஒரு குலை.
கொண்டைக்குருவி போக நாற்பத்துமூன்று பழம்,
மிளகுக்கு அண்ணன் அளவு, தோல் தடித்து,
கறுப்பென்று சொன்னால் கறுப்பு.
ஒன்றை நசுக்கிக் கண்ணாடிக் குழாயில் விட்டு
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்,
கொப்பியில் எழுதினார், மூடினார்.
ஐந்து பேர் வரவேண்டிய பெரட்டுக்கு
ஒருத்தன் மட்டும் வந்து நிற்கிறான்.
என்ன வேலை கொடுக்கிறது?

எனக்கும் ஒன்று தந்தார்.
முதலில் புளிப்பு. பிறகு தோல்.
லயத்துக்கு ஏறி வரும் வழியெல்லாம்
பல்லில் ஒட்டிக்கொண்டே வந்தது அந்தத் தோல்.

இந்த வருஷம் கூடாரத்தில் குடைமிளகாய்.
அதைப் புடுங்கிப் போடு என்று ஆள் அனுப்பியிருந்தார்.
புடுங்கினேன்.
புடுங்குமுன் மூன்று கணு விட்டு
ஒரு குச்சி வெட்டிக்கொண்டேன்.
அரை நாள் பேருக்கு
அந்தக் கணக்குச் சரி.

பெயின்ட் வாளியில் நட்டு
இஸ்தோப்புத் தூணில் கட்டியிருக்கிறேன்.
பக்கத்துக் காம்பிரா ஞானப்பூ எட்டிப் பார்த்தாள்.
என்னண்ணே அது?
நாய், என்றேன்.
கடிக்குமா?

மூணு வருஷம் போகட்டும், பார்ப்போம்.